வீராங்கனைக்கென்று ஓர் இதழ்

அரசர்களின் பட்டியலும் போர்களின் ஆண்டுக் குறிப்புமே வரலாறு என்ற எண்ணம் நம்மிடையே மெல்ல மெல்ல அகன்று வருகின்றது. உற்பத்தி முறையும், அதனை நடத்தும் மக்களின் வாழ்க்கைப் போராட்டமுமே வரலாற்றை நகர்த்தும் ஆற்றல்கள் என்பதை ஏற்றுக்கொண்டோர் பலர். எனினும் அவர்கள்கூட, அம்மக்கள் பொழுதுபோக்காக வாசித்து எறிந்துவிடும் எழுத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்குத் தயங்குகின்றனர். சங்கச் செய்யுளுக்கு உரை காண்போம். கல்வெட்டை மையொற்றிப் படிப்போம். மலிவுத் தாளில் அச்சாகிப் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும் சித்திரக்கதைப் புத்தகத்தை மட்டும் ஆராய்ச்சிக்கு உரிய பொருளென்று கருதமாட்டோம். இது நியாயமன்று. ஒரு சமுதாயம் தன் பெண்மக்களைப் பற்றி எவ்வளவு தூரம் கனவு காணத் துணிகின்றது, எவ்விடத்தில் அஞ்சி நின்றுவிடுகின்றது என்பதை உயர்ந்த இலக்கியத்தைக் காட்டிலும் இத்தகைய மலிவுப் பதிப்புகள் சில வேளைகளில் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகின்றன.

1984ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தமிழ்நாட்டின் சிவகாசியிலிருந்து ‘லயன் காமிக்ஸ்’ என்ற சித்திரக்கதை இதழ் வெளிவரத் தொடங்கிற்று. அதன் முதலிதழின் பெயர் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. புதிதாகக் கடைக்கு வரும் சிறுவர் இதழொன்று, தன் முதற் காலடியை ஒரு பெண்ணின் பெயரை நம்பி எடுத்து வைத்தது. வானிற் பறக்கும் வரமோ மாயக் கவசமோ அப்பெண்ணுக்கு இல்லை; ஆனால் எதிர்த்து வந்த ஆடவரைத் தன் கைவலியாலும் மதிவலியாலும் வீழ்த்தினாள். அவள் எங்கிருந்து வந்தாள், எந்தப் பொருளாதாரம் அவளைப் படைத்தது, யாருக்காக அவள் போரிட்டாள் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள். புத்தளம் மாவட்டத்துக் கரையில் வாழும் நமக்கு இவ்வினாக்கள் தொலைவானவை அல்ல என்பது பின்னர்ப் புலனாகும்.

வீராங்கனைக் கதை மேனாட்டார் நமக்குத் தந்த கொடை என்று எண்ணுவது பிழை. சித்திரக்கதைகள் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, பெரிய எழுத்துப் புத்தகங்களாகச் சந்தைகளில் விற்கப்பட்டவற்றுள் ‘அல்லி அரசாணி மாலை’ ஒன்று. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அந்நூலின் தலைவி, பகைவனிடமிருந்து நாட்டை மீட்டு, மதுரையிலிருந்து தன்னாட்சி செய்பவள். ஆடவரின் தயவு வேண்டாதவள். புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கரையோரத்தில் முத்துச் சலாபக் கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையில் அல்லி அரசிருந்தாள் என்பது நம் கரையோர மக்களிடையே வழங்கிவரும் ஐதிகம். அவ்வாறு நோக்குமிடத்து, இம்மாவட்டத்தின் முதல் வீராங்கனை அவளேயாவாள்.

ஆனால் அல்லியின் கதை எவ்வாறு முடிகின்றது? அருச்சுனன் கண்ணனின் துணையோடு வஞ்சகம் செய்து, அவள் உறங்கும் வேளையில் அவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகின்றான். வாளால் வெல்ல முடியாதவளைத் தாலியால் வெல்கின்றது அக்கதை. நிலவுடைமைச் சமுதாயம் தனித்து நிற்கும் பெண்ணைக் கற்பனை செய்து மகிழலாம். ஆயினும் அவளைத் தனித்தே விட்டுவைக்க அதனால் இயலாது. பேச்சு வழக்கிற் கூட, பெண்ணொருத்தி அதிகாரத்தோடு நடந்துகொண்டால் ‘அல்லி தர்பார்’ என்று ஏளனம் செய்கின்றோம். வீரத்தின் பெயர் வசையாகத் தேய்ந்துவிட்டது. சொல்லின் இத்தேய்வும் ஒரு வரலாற்று ஆவணமே.

இனி மேற்றிசை செல்வோம். அமெரிக்காவில் ‘வொண்டர் வுமன்’ என்ற வீராங்கனை 1941ஆம் ஆண்டின் இறுதியில் வேறு நாயகர்களின் இதழொன்றில் தோன்றினாள். 1942ஆம் ஆண்டுக் கோடையில் அவள் பெயராலேயே தனியிதழ் தொடங்கப்பட்டது. அதற்குச் சில திங்கள் முன்னர் ‘ஷீனா’ என்பாளுக்குத் தனியிதழ் கிடைத்திருந்தது. ஆயின் ஷீனா, ஆபிரிக்கக் காட்டை ஆளும் வெள்ளைக்காரி; குடியேற்றவாதக் கனவுக்குப் பெண்ணுருக் கொடுத்த படைப்பு. வொண்டர் வுமனோ ஆடவரே இல்லாத தீவொன்றிற் பெண்களாலேயே வளர்க்கப்பட்டவள். அவளைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் உளவியல் அறிஞர். இரத்த அழுத்தத்தை அளந்து பொய்யைக் கண்டறியும் சோதனைக்கு வழிகாட்டியவர். வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களின் கருத்துக்களில் ஈடுபாடு கொண்டவர்.

ஒரு தனி மனிதரின் நல்லெண்ணம் மட்டும் வொண்டர் வுமனைப் படைத்துவிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் ஆடவர் களத்துக்குச் செல்ல, விமானத் தொழிற்சாலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் பெண்களின் உழைப்பை வேண்டி நின்றன. இரும்பை உருக்கவும் ஆணி அறையவும் பெண்ணின் கை வலியது என்று அமெரிக்க முதலாளித்துவம் திடீரெனக் கண்டுகொண்டது. அத்தேவையின் நிழலே இத்தீவரசியின் வலிமை. ஆயினும் அத்தேவைக்கும் எல்லை இருந்தது. அதே 1942ஆம் ஆண்டில், மாபெரும் வீரர்கள் கூடிய சங்கமொன்றில் அவளுக்கு இடமளித்த கதாசிரியர்கள், அச்சங்கத்தின் செயலாளராகவே அவளை அமர்த்தினர். ஏனையோர் பகைவரோடு பொருதச் செல்ல, மலைகளைப் பெயர்க்கவல்ல அவள் கூட்டக் குறிப்பை எழுதினாள்! போர் முடிந்தது, ஆடவர் மீண்டனர், பெண்கள் ஆலைகளினின்று வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1947இல் மார்ஸ்டன் மறைந்த பின்னர், வொண்டர் வுமனின் கதைகளிலும் காதலும் கலியாணப் பேச்சும் மிகுந்தன. உற்பத்தியில் அவளுக்கிருந்த இடம் போனதும் சித்திரத்தில் இருந்த இடமும் சுருங்கிற்று.

இவ்விடத்தில், சித்திரக்கதை பற்றி இடதுசாரிகள் கொண்டிருந்த நிலைப்பாட்டையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். போருக்குப் பின்னர் ஐரோப்பாவெங்கும் அமெரிக்கச் சித்திரக்கதைகள் வெள்ளமெனப் பாய்ந்தபோது, அவற்றைப் பண்பாட்டு ஆக்கிரமிப்பென்று முற்போக்காளர் எதிர்த்தனர். பிரான்சில் 1949ஆம் ஆண்டு நிறைவேறிய சிறுவர் வெளியீட்டுச் சட்டத்துக்கு வழிகோலிய இயக்கத்திற் கத்தோலிக்கரோடு கம்யூனிஸ்டுகளும் பங்குகொண்டனர். பிரித்தானியாவில் 1955ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலிய இயக்கத்திலும் கம்யூனிஸ்டுகளின் பங்கு பெரிது. அவர்களது அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. இனவெறியும் வன்முறையும் அப்புத்தகங்களில் மலிந்திருந்தன. ஆனால் அதே இயக்கத்தில் மதவாதிகளும் பழைமைவாதிகளும் கைகோத்து நின்றனர் என்பதும், தடை என்ற ஆயுதம் இறுதியில் யார் கைக்குச் செல்லும் என்பதும் சிந்திக்க வேண்டியவை.

இதற்கு மாறான மரபும் நம் பக்கத்தில் உண்டு. 1932ஆம் ஆண்டிலேயே சீனத்தின் மாபெரும் எழுத்தாளர் லூ சுன், தொடர் சித்திர நூல்களைக் கலையென்று மதிக்க மறுத்தவர்களை எதிர்த்து, அவற்றுக்காக வாதாடி எழுதினார். எழுத்தறிவு குறைந்த மக்களிடம் சென்று சேரும் வடிவத்தை இழிவென்று ஒதுக்குவது, அம்மக்களையே ஒதுக்குவதாகும் என்ற உணர்வு அவரது வாதத்தின் உயிர். 1971இல் சிலி நாட்டில், அலெண்டேயின் மக்கள் ஒற்றுமை அரசு நடந்துகொண்டிருந்த வேளையில், ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மத்தெலாரும் டிஸ்னியின் டொனால்ட் வாத்துக் கதைகளை ஆராய்ந்து, அவற்றினுள் பொதிந்திருந்த ஏகாதிபத்தியச் சிந்தனையை அம்பலப்படுத்தினர். 1973இல் ஆட்சியைக் கவர்ந்த இராணுவத்தினர் அந்த ஆராய்ச்சி நூலைத் தீயிட்டனர். சித்திரக்கதைக்கு அரசியல் இல்லையென்று கூறுவோர், ஒரு வாத்தைப் பற்றிய நூலுக்கு இராணுவம் ஏன் அஞ்சிற்று என்பதற்கு விடை கூறட்டும்.

மீண்டும் 1942ஆம் ஆண்டுக்கு வருவோம். அமெரிக்காவில் வொண்டர் வுமனின் தனியிதழ் பிறந்த அதே ஆண்டில், பாரசீகத்தின் வடபகுதியில் பிரித்தானியப் படையின் தகவற் பிரிவொன்று முகாமிட்டிருந்தது. அப்பிரிவிலிருந்த பீற்றர் ஓ’டொனல் என்ற இளைஞர் கண்ட காட்சியைப் பின்னாளில் தாமே விவரித்துள்ளார். நாசிப் படைகளுக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகள் அவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். ஒருநாள் சுமார் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி தன்னந்தனியே வந்தாள். காலிற் செருப்பில்லை; தலையில் சிறு மூட்டை; கழுத்தில் ஒரு கயிறு, அதில் மரத்துண்டொன்றிற் கட்டிய ஆணி. அதுவே அவளது படைக்கலம். படைவீரர்கள் உணவு கொடுத்தனர், உண்டாள். உண்ட பாத்திரங்களைத் தானே கழுவிக் கொடுத்தாள். அவர்கள் கொடுத்த தகரப் புட்டிகளையும் அவற்றைத் திறக்கும் கருவியையும் மூட்டையில் வைத்துக்கொண்டு, ஒருமுறை புன்னகைத்துவிட்டு, மீண்டும் தனியே நடந்தாள். அவளது நடை ஒரு சின்ன இளவரசியின் நடை போல இருந்தது என்பது ஓ’டொனலின் நினைவு.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், செய்தித்தாளுக்குத் தொடர் சித்திரக்கதையொன்று எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியபோது, இச்சிறுமியையே தம் நாயகியின் இளமைக்கு அடித்தளமாக்கினார். ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ என்ற பத்திரிகைக்காகத் திட்டமிடப்பட்ட இத்தொடரை அப்பத்திரிகை கைவிட்டது. 1958 முதல் ஜேம்ஸ் பொண்டின் சித்திரத் தொடரை மகிழ்ச்சியோடு வெளியிட்டுவந்த பத்திரிகை அது! பின்னர் இலண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ ஏற்க, 1963ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், ஜிம் ஹோல்டவேயின் சித்திரங்களோடு ‘மாடஸ்டி பிளைஸ்’ தொடங்கிற்று. ஹோல்டவே 1970இல் மறைந்த பின் ஸ்பானிய ஓவியர் ரொமேரோ அப்பணியை ஏற்றார். ஓ’டொனல் தமது 81ஆவது பிறந்தநாளான 2001 ஏப்ரல் 11ஆம் நாள் தொடரை நிறைவு செய்தார். மக்கார்த்தியின் வேட்டையால் அமெரிக்காவை விட்டு நீங்கிய இயக்குநர் ஜோசப் லோசி, 1966இல் இக்கதையைத் திரைப்படமாக்கினார் என்பது ஓர் உபசெய்தி.

கதையில் மாடஸ்டிக்குப் பெற்றோர் இட்ட பெயரில்லை. கிரேக்க நாட்டு அகதி முகாமொன்றிலிருந்து தப்பிய சிறுமி அவள். மத்திய கிழக்கு நாடுகளில் அலைந்து திரிகையில், ஹங்கேரிய யூதப் பேராசிரியராகிய முதியவர் ஒருவரோடு நட்புக் கொள்கின்றாள். அவள் அவரைப் பாதுகாக்கின்றாள். அவர் அவளுக்குக் கல்வி புகட்டுகின்றார். ‘மாடஸ்டி’ என்ற பெயரை அவரே சூட்டுகின்றார்; ‘பிளைஸ்’ என்பதைப் பின்னர் அவளே சேர்த்துக்கொள்கின்றாள். முதியவர் வழியில் இறந்துவிடுகின்றார். தாஞ்சியர் நகரில் ஒரு சிறு திருட்டுக் கூட்டத்தைத் தன் வசமாக்கிப் பெரிய வலையமைப்பாக வளர்க்கின்றாள்; போதைப் பொருளையும் பெண் வாணிகத்தையும் அவ்வமைப்புத் தொடுவதில்லை. பெரும் பொருள் சேர்ந்தபின் அனைத்தையும் கலைத்துவிட்டு இங்கிலாந்தில் வாழ வருகின்றாள். வில்லி கார்வின் என்ற உற்ற தோழன் அவளை ‘இளவரசி’ என்றே அழைக்கின்றான். ஆயினும் அவர்கள் காதலர் அல்லர். ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நிற்கும் தோழமையை, காதலாக மாற்றாமலே இத்தனை ஆண்டுக் காலம் எழுதிச் சென்ற வெகுசனக் கதைகள் அரியவை. அல்லியின் கதைக்கு நேரெதிரான முடிபு இது. இங்கே தாலி வெல்லவில்லை.

எனினும் குறைகளை மறைத்தல் நம் நோக்கமன்று. நாடற்ற இப்பெண் பிரித்தானியக் குடியுரிமையை எவ்வாறு பெற்றாள்? பெய்ரூத்தில் ஆங்கிலேயன் ஒருவனைப் பெயரளவில் மணந்து பெற்றாள். பெற்றபின் யாருக்காகப் போரிட்டாள்? பிரித்தானிய உளவுத்துறை அதிகாரியின் வேண்டுகோளுக்கு இணங்கிப் போரிட்டாள். பேரரசை இழந்துகொண்டிருந்த ஒரு நாடு, அப்பேரரசின் போர்களால் வீடிழந்த குழந்தையின் வீரத்தைத் தன் காவலுக்கு அமர்த்திக்கொண்டது. மேலும், எதிரிகளைத் திகைக்கவைக்கத் தன் மேலாடையை நீக்கும் உத்தியை அவளுக்குக் கற்பித்த ஆசிரியர், அத்திகைப்பை ஆண் வாசகருக்கும் விருந்தாக்கினார் என்பதை மறுக்க இயலாது. அகதிகள் பல்லாயிரவர், அவர்களுள் ஒருத்தி மட்டும் தன் திறமையால் மாளிகை வாழ்வைப் பெறுகின்றாள். ஏனையோர் என்னவாயினர் என்ற வினாவுக்கு இக்கதையில் இடமில்லை. தனிமனித வீரத்தை உயர்த்தி, கூட்டு வாழ்வின் துயரத்தைத் திரைக்குப் பின்னால் தள்ளுவது முதலாளித்துவக் கலையின் பழைய வழக்கம்.

குடியுரிமை என்றதும் நம் நாட்டு நினைவு எழாமற் போகாது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிற்று. மாடஸ்டி இலண்டனில் தோன்றிய மறு ஆண்டில், 1964 ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று, கொழுந்தை நிறுத்துப் பங்கிடுவது போல் மனிதரைப் பங்கிட்டனர். கூடையை முதுகிலே சுமந்து அந்நியச் செலாவணியை ஈட்டித்தந்த பெண்களுக்கு, எந்தக் கதாசிரியரும் கடவுச்சீட்டு வாங்கிக் கொடுக்கவில்லை.

இப்பொழுது சிவகாசிக்கு வருவோம். மழை குன்றிய அந்த மண்ணிலிருந்து, 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும். அச்சீட்டுகளுக்காக வளர்ந்த அச்சகங்கள் பின்னர் நாட்காட்டிகளையும் புத்தகங்களையும் அச்சிட்டன. தமிழில் வண்ண அட்டைச் சித்திரக்கதை இதழ் அவ்வூரிற் செழித்தமைக்குக் காரணம் இத்தொழிற் பின்னணியே. 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’, பிரித்தானிய வார இதழொன்றில் 1962இல் தோன்றிய எஃகுக் கை நாயகனை ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் தமிழர்க்கு அறிமுகப்படுத்திற்று. அவருடைய மகன் எஸ். விஜயன், பதினேழு வயது இளைஞராக இருந்தபோது தொடங்கியதே ‘லயன் காமிக்ஸ்’.

அதே 1984 ஜூலையில் ‘தினத்தந்தி’ நிறுவனத்தார் ‘ராணி காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினர். அதன் முதலிதழ் ஜேம்ஸ் பொண்ட் தோன்றும் ‘அழகியைத் தேடி’. ஒரே திங்களில், ஒரே மொழியில், இரு முதலிதழ்கள்: ஒன்றின் பெயரிற் பெண் தேடப்படும் பொருள், மற்றொன்றின் பெயரிற் பெண்ணே கதையின் தலைவி. வாணிக வெற்றியை நாடிய இரு வெளியீட்டாளரும் ஒரே சந்தையைத்தான் நோக்கினர். எனினும் அவ்விரு பெயர்களுக்கும் இடையிலுள்ள தூரம் நம் சிந்தனைக்குரியது. கார்வினின் ‘இளவரசி’ என்ற விளியும் தமிழுக்கு வந்தது. தமிழ் வாசகர் மாடஸ்டியை இன்றும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். பாரசீக மணலில் நடந்து சென்ற சிறுமிக்கு ஒரு படைவீரர் மனத்துள் இட்ட பட்டம், சிவகாசி வழியாகத் தமிழ்ச் சொல்லாயிற்று.

ஆயினும் லயன் இதழை வாசகரிடையே ஊன்றச் செய்தவர்களுள் முதன்மையானவன், 1965இல் பிரித்தானியாவிற் பிறந்த ‘ஸ்பைடர்’ என்னும் செருக்கு மிக்க குற்றவாளி நாயகன். பெண்ணின் துணிவைக் காட்டிலும் ஆணின் அகந்தை எளிதில் விலைபோகும் சந்தை அது. மாடஸ்டியின் கதைகள் தொடர்ந்து வந்தன. ஆனால் முதலிதழுக்கு உரியவள் முதலிடத்துக்கு உரியவளாக நெடுநாள் நிலைக்கவில்லை.

இதனினும் கசப்பான முரண்பாடு ஒன்றுண்டு. வீரப் பெண்ணின் கதை அச்சேறிய அதே வட்டாரத்தில், தீப்பெட்டித் தொழிலில் உழைத்த சிறார்களுட் பெரும்பான்மையோர் சிறுமியர். விடியுமுன் வாகனங்களில் ஏற்றப்பட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சென்று, குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் தம் வீட்டாரின் கடனை அடைத்தவர்கள் அவர்கள். 1986ஆம் ஆண்டில் இந்தியாவிற் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது; சிவகாசி பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை 1996 டிசெம்பர் 10ஆம் நாள் வழங்கியது. மரத்துண்டிற் கட்டிய ஆணியோடு நடந்த சிறுமி நாயகியானாள். மரக்குச்சியில் மருந்து தோய்த்த சிறுமிக்கு எந்த இதழும் முதலிதழ் ஆகவில்லை. அச்சகத்துக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் இடையே சில தெருக்களே இருந்தன. கற்பனைக்கு அந்தத் தெருக்களைக் கடக்கக் கால் இருக்கவில்லை.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இந்தியச் சஞ்சிகைகளின் வருகையைக் குறைத்தன. உள்ளூர் வெளியீடுகள் அக்காலத்தில் ஊக்கம் பெற்றன. சிங்களத்தில் 1951இலேயே ஜீ. எஸ். பெர்னாண்டோவின் ‘நீலா’ என்ற தொடர் ‘லங்காதீப’ பத்திரிகையிற் சித்திரக்கதை மரபைத் தொடக்கிவைத்திருந்தது. தமிழில் ‘சிரித்திரன்’ சிவஞானசுந்தரத்தின் கேலிச் சித்திரப் பாத்திரங்கள் மக்கள் நாவில் வாழ்ந்தன. ஆனால் நெடுங்கதை சொல்லும் சித்திர இதழை நம் தமிழ்ச் சிறுவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தே பெற்றனர். 1977இன் பின் சந்தை திறக்கப்பட, அவ்விதழ்கள் மீண்டும் வந்தன. லயன் தோன்றிய 1984 ஜூலை, 1983 ஜூலை வன்செயலின் ஓராண்டு நிறைவு. எரிந்த வீடுகளினின்று ஓடிய பிள்ளைகளும், பின்னர் ஓட இருந்த பிள்ளைகளும் அக்கதைகளின் வாசகர்களாயினர்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் நாள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேரென மதிப்பிடப்படுகின்றது. மன்னாரிலிருந்து வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர் பலர். வவுனியா வழியாகத் தரைமார்க்கமாக நடந்து வந்தனர் பலர். புத்தளம், கற்பிட்டி, பாலாவி எங்கும் தென்னந்தோப்புகளிற் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. கொழும்பு வீதியினின்று கற்பிட்டி வீதி பிரியும் பாலாவிச் சந்தியைக் கடந்து செல்பவர், ஒருபுறம் உப்பளத்தையும் மறுபுறம் அம்மக்களின் குடியிருப்புகளையும் காண்பர். வெங்காயத் தோட்டங்களிலும் உப்பு வயல்களிலும் குறைந்த கூலிக்குக் குனிந்து நின்றவர்களுள் இடம்பெயர்ந்த பெண்கள் மிகப் பலர். முன்பிருந்த ஏழைகளுக்கும் வந்து சேர்ந்த ஏழைகளுக்கும் இடையே நீருக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் கூலிக்கும் போட்டி மூண்டது. அப்போட்டியிற் குளிர்காய்ந்தோர் தோட்ட உரிமையாளரும் அரசியல்வாதிகளுமே.

எங்கே வாக்களிப்பது என்ற கேள்விகூட அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. வெளியேற்றம் நடந்து இருபத்தொன்பது ஆண்டுகள் சென்றபின், 2019 நவம்பர் 16ஆம் நாள், ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்றோரின் பேருந்துகள் தந்திரிமலையருகே தாக்கப்பட்டன. கிரேக்க முகாமினின்று தப்பிய கற்பனைச் சிறுமிக்கு ஒரு திருமணப் பதிவு குடியுரிமை தந்தது. உண்மையான குடிமக்களுக்கோ ஒரு வாக்குச்சீட்டு நூறு மைல் அப்பால் இருந்தது.

2014ஆம் ஆண்டு பெப்ரவரியில், அமெரிக்காவின் மார்வல் நிறுவனம் ‘மிஸ் மார்வல்’ தொடரின் புதிய முதலிதழை வெளியிட்டது. அதன் நாயகி கமலா கான், ஜெர்சி நகரில் வாழும் பாக்கிஸ்தானியக் குடியேற்றக் குடும்பத்தின் மகள், முஸ்லிம் மாணவி. அவளை உருவாக்கியோருள் பதிப்பாசிரியை சனா அமானத்தும் எழுத்தாளர் வில்லோ வில்சனும் முஸ்லிம் பெண்கள். அம்முதலிதழில், விரும்பிய உருவெடுக்கும் ஆற்றல் கிடைத்தவுடன் அச்சிறுமி எடுக்கும் உரு எது? பொன்னிறக் கூந்தலுடைய வெள்ளைக்கார வீராங்கனையின் உரு! அடிமைப்பட்ட மனத்தின் முதல் ஆசை தன்னை ஒடுக்கியவரின் முகமாக மாறுவதே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. தன் முகத்தோடு போரிடக் கற்பதே பின்வரும் இதழ்களின் கதை. 2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் முஸ்லிம்களை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் தோன்றியபோது, யாரோ சிலர் அவற்றின் மீது கமலாவின் படத்தை ஒட்டி மறைத்தனர். இலாபத்துக்காக அச்சிடப்பட்ட சித்திரம் மக்களின் கையிற் படைக்கலமாயிற்று.

அதே 2014ஆம் ஆண்டு ஜூனில், நம் நாட்டின் அளுத்கமையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2019 மே 13ஆம் நாள் நம் புத்தளம் மாவட்டத்திலேயே அத்தீ மூண்டது. அவ்வேளையில் நம் சிறுமியர் கையிற் கமலா போன்ற ஒருத்தி இருந்தாளா என்று கேட்பது சித்திரக்கதை விற்பனை பற்றிய வினாவன்று. தன்னைப் போன்ற முகமுடையவள் அஞ்சாது நிற்பதைக் காணும் உரிமை பற்றிய வினா.

இம்முதலிதழ்களின் வரலாற்றை ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. வீராங்கனைகள் ஓவியரின் மேசையிற் பிறப்பதில்லை. அவர்களைப் பெறுவது மக்களின் துன்பம். போர்க்காலத் தொழிலாளிப் பெண் இல்லையேல் வொண்டர் வுமன் இல்லை. வெறுங்காலோடு நடந்த அகதிச் சிறுமி இல்லையேல் மாடஸ்டி இல்லை. இகழப்பட்ட குடியேற்றக் குடும்பங்கள் இல்லையேல் கமலா இல்லை. பெற்றவர்களிடமிருந்து பிள்ளையைப் பிரித்துச் சந்தையில் நிறுத்துவதே வாணிகத்தின் வேலை. பிரித்ததை மீண்டும் சேர்த்து வைப்பது வரலாற்றாசிரியனின் வேலை. ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களுக்கும் அப்பணியிற் பங்குண்டு.

ஆகையால், பிள்ளைகளின் புத்தகப் பைகளிலிருந்து சித்திரக்கதையைப் பறிமுதல் செய்வதை விட்டு, அதனை அவர்களோடு அமர்ந்து வாசித்து, இவள் யாருக்காகப் போரிடுகின்றாள், இவளுக்கு அருகில் நிற்க வேண்டிய மற்றவர்கள் எங்கே என்று வினவப் பழக்குவோம். அத்தோடு நில்லாது, 1990இல் கற்பிட்டிக் கரையில் வள்ளத்தினின்று இறங்கிய சிறுமி இன்று நாற்பது வயது கடந்த தாயாக, நம் ஊர்களிலேயே வாழ்கின்றாள் என்பதை நினைவிற் கொள்வோம். உப்பளத்தில் வார்த்த அவளது உழைப்பும், கொட்டிலில் விளக்கொளியிற் கற்ற கல்வியும், நீர்க்குழாய் வரிசையிற் பிற பெண்களோடு சேர்ந்து அவள் எழுப்பிய குரலும் இன்னும் வரையப்படாத சித்திரங்கள். அவற்றை அவள் வாயிலிருந்து கேட்டு எழுதவும் வரையவும் நம் மாணவியரால் முடியும். அவள் தனியொருத்தியாக உலகைக் காப்பவளாக இருக்கமாட்டாள். பலரோடு சேர்ந்து ஒரு கிணற்றையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் காத்தவளாக இருப்பாள். அத்தகைய வீராங்கனைக்குரிய முதலிதழைச் சிவகாசியும் நியூயோர்க்கும் அச்சிடப் போவதில்லை. அதனை நாமே அச்சிட வேண்டும்.